குப்பைக்குப் போன கோடுகள்

நான் சொன்ன பொய்களுக்கெல்லாம் என்னிடம் சாக்கு இருக்கிறது. அம்மாவிடம் சொன்னதற்கு, ஹாஸ்டல் வார்டனிடம் சொன்னதற்கு, ஆராய்ச்சி வழிகாட்டியிடம் சொன்னதற்கு, எல்லாவற்றுக்கும் இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணின் ஐந்து வருட உழைப்பைக் கெடுத்தது என் பொய் இல்லை. அன்றைக்கு உண்மையென்று நான் நம்பியதைத்தான் சொன்னேன். 'ஒட்டல சார்' என்று இரண்டே சொல். அதற்கு மட்டும் இன்றுவரை ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

என்ன வேலை செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் நான் செய்த கேடும் புரியும். புதுச்சேரியில் ஊருக்குள்ளேயே, ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். ஒரே ஒரு மூலக்கூறு வழியாக எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளப்பது என் ஆராய்ச்சி. ஒரு மூலக்கூறை இடுக்கியால் பிடித்து வைத்து அளக்க முடியாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. தங்கத் தகட்டின் மேல் மூலக்கூறு கரைந்த திரவம் ஒரு சொட்டு விடுவோம். மேலிருந்து ஒரு தங்க ஊசி இறங்கித் தகட்டைத் தொடும், பிறகு மெல்ல விலகும். விலக விலகத் தங்கம் இழையாக மெலிந்து, ஓர் அணு அகலத்துக்கு வந்து, அறுந்துபோகும். அறுந்த இடைவெளியில் மூலக்கூறு ஒன்று இரண்டு பக்கமும் கைகொடுத்துத் தொங்கினால், விழுந்துகொண்டிருந்த மின்னோட்டம் கண்சிமிட்டும் நேரம் அப்படியே நிற்கும். கணினித் திரையில் அது ஒரு படி மாதிரித் தெரியும். எதுவும் சிக்கவில்லை என்றால் படி இருக்காது. கோடு சறுக்கிக்கொண்டு அடிவரை போய்விடும்.

இதை ஒரு மூலக்கூறுக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்வோம். ஊசி தொடும், விலகும், தொடும், விலகும். பெரும்பாலான தடவை ஒன்றும் சிக்காது. அத்தனை கோடுகளையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் தலை நரைத்துவிடும். ஆகவே படி உள்ள கோடுகளைத் தனியே எடுத்து வைக்க ஒரு கணினி நிரல் இருந்தது. படி எதுவும் வராமலே மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால், அதற்குமேல் அந்தக் கோட்டைப் பார்க்காமல் வேறொரு ஃபோல்டரில் தள்ளிவிடும். அந்த ஃபோல்டருக்கு 'குப்பை' என்று யாரோ பெயர் வைத்திருந்தார்கள். நிரலை எழுதியவர் எனக்கு முன்பு இருந்த சீனியர். எல்லை என்று நாங்கள் சொல்லும் அந்த அளவை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவருக்கும் முன்பு இருந்தவர். நன்றாக ஓடுகிற நிரலில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் எழுதாத சட்டம். நானும் வைக்கவில்லை.

ஊசி இருக்கிறதே, அது பெரிய ரோஷக்காரி. தெருவில் பஸ் போனால் ஆடும். யாராவது கதவைச் சாத்தினால் ஆடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே போய் உட்காருவேன். அரை மணி நேரம் நன்றாகப் போகும். பிறகு பக்கத்துக் கோயிலில் பூசைக்கு மணி அடிப்பார்கள், அதுவும் கோட்டில் விழும். நான் மணியைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பெண் அதே கட்டடத்தின் மேல்தள வேதியியல் கூடத்தில் இருந்தாள். நான் அளக்கும் மூலக்கூறுகளைச் செய்வது அவள் வேலை. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான்.

தங்கத்தைப் பிடித்துக்கொள்ள மூலக்கூறுக்குக் கை வேண்டும் அல்லவா, அந்தக் கை கந்தகம். கந்தகப் பொருள்களோடு வேலை செய்கிறவர்கள் மேல் ஒரு நாற்றம் ஏறிவிடும். கெட்டுப்போன முட்டைக்கோசும் எரிந்த ரப்பரும் கலந்தது போல இருக்கும். எத்தனை தடவை குளித்தாலும் போகாது. ஒருநாள் மாலை அவள் ஆளேற்றும் டெம்போவில் ஏறியிருக்கிறாள். பக்கத்திலிருந்த அம்மாள், "கேஸ் லீக் ஆவுது, வண்டிய நிறுத்துப்பா!" என்று கத்த, எல்லோரும் குதித்து இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்களாம். "நானும் எறங்கிக் குனிஞ்சி பாத்தேன். பின்ன, நான்தான்னு சொல்ல முடியுமா?" என்றாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில்தான் எங்கள் கதை ஆரம்பித்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அந்த நாற்றம் பிடித்துப்போனது. இன்றைக்கும் தெருவில் எங்காவது அப்படி ஒரு வாடை வந்தால் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் வர ஆரம்பித்தாள். இட்லி வாங்கி வருவாள். தான் செய்ததை நான் அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஊசி வேகமாக இறங்கினால், "மெதுவாப்பா, மூணு மாசமா பண்ணது" என்று என் தோளில் தட்டுவாள். மணி அடித்ததும் ஊசியை நிறுத்திவிட்டு இருவரும் கடற்கரைப் பக்கம் நடப்போம். வாய்க்காலைத் தாண்டி, நேர்நேராக ஓடும் அந்தத் தெருக்களில் ஒன்றில் வைத்துத்தான் எங்கள் ஆராய்ச்சியின் மையத்தை அவளுக்கு விளக்கினேன். விளக்கியவனே நான்தான்.

"இப்ப இங்கேருந்து பீச்சுக்குப் போவணும்னா, இந்தத் தெருவுலயும் போலாம், அடுத்த தெருவுலயும் போலாம். நாம ரெண்டுல ஒண்ணுலதான் போவோம். எலக்ட்ரான் ரெண்டுலயும் ஒரே நேரத்துல போவும்."

"போயி?"

"போய்ச் சேர்ற எடத்துல ரெண்டு அலையும் சந்திக்கும். நீ பண்ற ஆறு அணு வளையத்துல நேர் எதிர்ப் பக்கமா வெளிய வந்தா..."

அவள் வேதியியல்காரி, குறுக்கே புகுந்தாள். "நேர் எதிர்ன்னா ரெண்டு பக்கமும் மூணு மூணு கட்டு. கோணலா வெளிய வந்தா ஒரு பக்கம் ரெண்டு, இன்னொரு பக்கம் நாலு."

"அதேதான். மூணும் மூணும் சேந்து ஏறும், சேந்து எறங்கும். ஜோரா கரண்ட் போவும். ரெண்டும் நாலும் வந்தா ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு எறங்கும். ஒண்ணையொண்ணு அழிச்சிக்கும்."

அவள் தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "ரெண்டு வழியும் தொறந்துதான் இருக்கு. எவனும் குறுக்க நிக்கல. ஆனா ஆளு வந்து சேரல. பாவம்பா அது" என்றாள். பிறகு, "சுத்தமாவா ஒண்ணும் மிஞ்சாது?" என்று கேட்டாள்.

"கொஞ்சூண்டு மிஞ்சும்."

"அப்ப அந்தக் கொஞ்சூண்டத்தான் நீ புடிக்கணும்."

பிடித்துவிடலாம் என்று சொன்னேன். அவளுடைய ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் அதுதான். இரண்டு மூலக்கூறுகள், ஒரே அணுக்கள், ஒரே எடை, ஒரே வளையம். ஒன்றில் கைகள் நேர் எதிரே, மற்றதில் கோணலாக. எங்களுக்குள் நேர்க்கை, கோணக்கை என்று பெயர் வைத்துக்கொண்டோம். நேர்க்கையில் மின்சாரம் தாராளமாகப் போக வேண்டும், கோணக்கையில் அலைகள் அழிந்து மிகமிகக் குறைய வேண்டும். அவள் செய்து கொடுப்பாள், நான் அளந்து கொடுப்பேன். அந்த அத்தியாயம் இருந்தால் அவள் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்கலாம். இல்லாவிட்டால் மீதி இரண்டு அத்தியாயங்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உதவித்தொகைக்கான ஐந்து வருடமும் முடியப்போகிற சமயம். அவள் ஆய்வைக் கண்காணிக்கும் பேராசிரியர் குழு பரிந்துரைத்தால்தான் மேலும் அவகாசம் கிடைக்கும்.

நேர்க்கை அருமையாக வந்தது. படி என்றால் அப்படி ஒரு படி, ஆயிரம் கோடுகளை அடுக்கினாலும் ஒரே உயரத்தில் நின்றது. அவள் திரையைப் போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினாள். "அப்பா கேக்குறாரு, இது ஈசிஜியான்னு" என்று சிரித்தாள்.

கோணக்கையைச் செய்ய அவளுக்கு எட்டு மாதம் ஆனது. கோணலான இடத்தில் கையை ஒட்டவைப்பது அத்தனை எளிதில்லை. பாதியிலேயே உடைந்துபோகும், கறுப்பாகப் பிசுபிசுத்துப்போகும். கடைசியில் ஒரு சனிக்கிழமை, விரல் அளவுக் குப்பியின் அடியில் வெளிர் மஞ்சள் தூளாகக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். அதை வைத்த விதத்தை நான் மறக்கவில்லை. குப்பியை விட்ட பிறகும் கையை உடனே எடுக்கவில்லை.

அளந்தேன். ஒன்றும் வரவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். நிரல் எல்லாக் கோடுகளையும் குப்பைக்குத் தள்ளிவிட்டது. மூலக்கூறே இல்லாத வெறும் திரவத்தை அளந்தால் எப்படியோ அப்படி.

அலைகள் அழிந்து மின்சாரம் குறைவதால்தான் தெரியவில்லை என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என்னையே நான் ஆயிரம் முறை கேட்டுவிட்டேன். தோன்றியது. ஆனால் மிஞ்சும் 'கொஞ்சூண்டு' எவ்வளவு இருக்கும் என்று நான் ஏற்கெனவே ஒரு மதிப்புப் போட்டு வைத்திருந்தேன். அந்த மதிப்புப்படி, அது நிரலின் எல்லைக்குச் சற்று மேலேதான் வர வேண்டும். வரவில்லை என்றால் மூலக்கூறு தங்கத்தைப் பிடிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். என் மதிப்பு தப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் செய்தது தப்பு என்று தோன்றியது. மதிப்புப் போட எனக்கு ஒரு மாலை ஆனது, அவளுக்கு அதைச் செய்ய எட்டு மாதம் ஆனது. எதை முதலில் சந்தேகப்பட்டேன் பாருங்கள்.

குழுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்னாள், "அந்தக் குப்பையத் தொறந்து ஒரே ஒரு தடவ பாருப்பா. அடிவரைக்கும் பாரு. ஒட்டியிருக்கு, எனக்குத் தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

"நேர்க்கை ஒட்டுச்சில்ல? கை அதே கைதான. எடம்தான் வேற."

இதைவிட நல்ல வாதம் இருக்க முடியாது. அதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. "எல்லையை அளக்கறதுக்கு முன்னாடியே வச்சிடணும். அளந்த பெறவு, வேணும்ங்கிற விடை வரலியேன்னு நகத்துறது ஃபிராடு. அதுவும் உன் விஷயத்துல. நம்ம ரெண்டு பேரைப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும். உனக்காக டேட்டாவ வளைச்சேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது."

"வளைக்கச் சொல்லலப்பா. பாக்கத்தான் சொல்றேன்."

"பாத்தா மனசு வளைஞ்சிடும்."

அவள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து மேலே போனாள். எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காதலிக்காகவும் வளைந்து கொடுக்காதவன் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வேறு யாராவது கேட்டிருந்தால், மேல்தளத்தில் படிக்கும் ஒரு தெரியாத பையன் கேட்டிருந்தால், சும்மா திறந்து காட்டியிருப்பேன். அரை மணி நேர வேலை அது. அவள் என்னுடையவள் என்பதாலேயே அந்த அரை மணி நேரத்தை அவளுக்குத் தர மறுத்தேன்.

கூட்டத்தில் மூன்று பேராசிரியர்கள், எங்கள் வழிகாட்டி, திரைக்குப் பக்கத்தில் அவள். அளந்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கோணக்கையின் பக்கம் வந்ததும் வழிகாட்டி அவளைக் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"சாம்பிள் ஒட்டுதாப்பா?"

"ஒட்டல சார்."

"ஒட்டியிருக்கு சார்," என்றாள் அவள். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "கரண்ட் ரொம்பக் கம்மியா இருக்கு, அவ்ளோதான்."

"நீ எப்படிம்மா சொல்ற? அளந்தவர் இல்லைங்கிறாரே" என்றார் குழுவில் ஒருவர். கேலியாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

மறுபடியும் செய்யச் சொன்னார்கள். அதற்காகக் குறுகிய அவகாசமும் கொடுத்தார்கள். அவள் செய்தாள். எட்டு மாத வேலையை இப்போது இரண்டு மாதத்துக்குள் முடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த நாள்களில் அவள்மேல் அந்த வாடை உப்பு மாதிரி உறைந்துகிடந்தது. டெம்போவில் ஏறுவதையே விட்டுவிட்டு நடந்து போனாள். அளந்தேன், குப்பை. மூன்றாவது முறை செய்தாள், குப்பை. நான்காவது முறை குப்பியைக் கொண்டுவந்து வைத்ததும் கையை உடனே எடுத்துக்கொண்டாள். அளந்து முடித்ததும், "இல்லல்ல?" என்று மட்டும் கேட்டாள். "இல்ல" என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒட்டியிருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாக்குவாதம் ஓய்ந்தது என்று நான் நிம்மதிப்பட்டேன்.

குழு அவகாசத்தை நீட்டிக்கவில்லை. வழிகாட்டி நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு மூலக்கூறு நான்கு முறை தவறிய பிறகு அவருக்கு அவள் செய்த எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. உதவித்தொகை நின்றது. அது இல்லாமல் படிப்பைத் தொடரும் நிலையில் அவள் வீடு இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தன் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகும் சில மாதம் சந்தித்துக்கொண்டிருந்தோம். நான் இன்னும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவள் வேலை தேடிக்கொண்டிருந்தாள். நான் என் அளவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொள்வாள், கேள்வி கேட்கமாட்டாள். ஒரு மாலை பேக்கரியில் உட்கார்ந்திருந்தபோது, முன்னே வைத்த பஃப்ஸைத் தொடாமல் சொன்னாள்.

"போதும்பா. நீ கெட்டவன் இல்ல. ஆனா உன்கூட இருந்தா நான் காலம்பூரா தப்பாப் பண்ணவளாவே இருப்பேன். உன் மூஞ்சப் பாக்கும்போதெல்லாம் அதான் ஞாபகம் வருது."

நான் கெஞ்சினேன். எல்லாம் சரியாகிவிடும், வேறு இடத்தில் சேர்ந்து படிக்கலாம், நான் சம்பாதிக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். ஒரு மனிதன் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் சொன்னேன், திறந்து பார்க்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது என் நினைவிலேயே இல்லை. அவள் தன் பஃப்ஸைப் பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு வருடம் கழிந்தது. எனக்குப் பட்டம் கிடைத்தது, லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. அவளுக்குக் கல்யாணம் ஆனது. நல்ல மனுஷன் என்று சொன்னார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, கெட்டவன் என்று சொல்லியிருந்தால் அதுவும் பிடித்திருக்காது. நேர்க்கையைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். அதைப் பரிசீலித்த முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார். வடிகட்டிய கோடுகளை மட்டும் காட்டினால் போதாது, வடிகட்டாமல் எல்லாக் கோடுகளையும் சேர்த்து ஒரு படம் போட வேண்டுமாம். அப்படிப் போட்டால், படிகள் குவிகிற உயரத்தில் ஒரு மேடு தெரியும்.

எரிச்சலோடு உட்கார்ந்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாக இருந்தது, குப்பை உட்பட. எங்கள் கூடத்தில் யாரும் எதையும் அழிப்பதில்லை. எல்லையை எடுத்துவிட்டு நிரலை மொத்த டிஸ்க்கின் மேலும் ஓடவிட்டேன். தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கச் சோம்பல், வேறு காரணம் இல்லை. நேர்க்கையின் படம் வந்தது. அடுத்து கோணக்கையின் படமும் தானாக வந்தது.

அடியில், கருவியின் மின் இரைச்சலுக்குக் கொஞ்சம் மேலே, என் எல்லைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன மேடு இருந்தது.

வெறும் திரவத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் மேடு இல்லை. குப்பையிலிருந்து கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சறுக்கி, சறுக்கி, எல்லைக்குக் கீழே போன பிறகு, பலவற்றில் ஒரு குட்டிப் படி. கண்ணுக்கே தெரிந்தது. இரண்டாவது முறை செய்தது, மூன்றாவது, நான்காவது, எல்லாவற்றையும் திறந்தேன். அதே இடத்தில் அதே படி. இரண்டு வழியாகவும் போன அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, கோட்பாடு எப்படிச் சொன்னதோ அப்படியே, கொஞ்சூண்டு மிஞ்சியிருந்தது. நான் நினைத்ததைவிட இன்னும் கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான்.

வண்டியை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பம் வரை போனேன். ஏன் அங்கே என்று தெரியாது, சாலை அங்கே கொண்டுபோய் விட்டது. வலை காய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்து அழுதேன். விசும்பலெல்லாம் இல்லை, வாய்விட்டு அழுதேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து, "இன்னா தம்பி, ஊட்டுல யாருனா தவறிட்டாங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சேதராப்பட்டுப் பக்கம் குடிநீர் கேன் நிரப்பும் ஒரு கம்பெனியில் அவள் தரப் பரிசோதனை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் மதியம் போனேன். அந்த மேட்டின் படத்தை அச்செடுத்து ஒரு கவரில் வைத்திருந்தேன். செக்யூரிட்டி சொல்லியனுப்ப, அவள் வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. பக்கத்தில் வந்து நின்றபோது எந்த வாடையும் இல்லை, சோப்பு வாசம்தான் இருந்தது.

நான் என்னென்னவோ பேசத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன், ஆனால் முதலில் படத்தை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். விளக்க வேண்டியதே இல்லை. அச்சுகளைப் பார்த்தாள், மேட்டின்மேல் விரலை வைத்தாள்.

"கோணக்கையா?"

"ஆமா."

"எந்த பேட்ச்?"

"எல்லாத்துலயும் இருக்கு." பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "இது மொத பேட்ச்."

கேன்களை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டி உள்ளே போனது. அவள் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். திரும்பி வந்தபோது கண் நிறைந்திருந்தது. ஆனால் அவள் கேட்டது நான் எதிர்பார்த்தது இல்லை.

"மொத பேட்சே சரியாதான் இருந்துச்சா?"

"சரியாதான் இருந்துச்சு."

"நான் பண்ணத் தெரியாமப் பண்ணிட்டேன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள். "மொதல்ல நீதான் தப்புன்னு நெனச்சேன். நாலாவது தடவ நீ இல்லன்னு சொன்னதும், சரி, இவன் சொன்னா சரியாதான் இருக்கும்னு நம்பிட்டேன். என் கைக்கு வேலை வரலன்னு நம்பிட்டேன். ரெண்டு வருஷமா இங்க ஒரு பீக்கர எடுத்தாக்கூட, தப்பா ஊத்திடுவனோன்னு ரெண்டு தடவ பாக்குறேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். வழிகாட்டியிடம் பேசிவிட்டேன், திரும்பப் பதிவு செய்து ஆய்வேட்டை முடிக்க அவர் உதவுகிறேன் என்றார், கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையதுதான் என்றெல்லாம் கொட்டினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"திரும்பல்லாம் வர முடியாதுப்பா. அந்த மாடிப்படி ஏறவே என்னால முடியாது." பிறகு, கோபமே இல்லாமல், ஏதோ ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்வதுபோலக் கேட்டாள். "அன்னிக்கு சார் கேட்டப்போ, ஒட்டலன்னு சொல்றதுக்கு பதிலா, தெரியல சார்ன்னு சொல்லியிருக்கலாம்ல? உனக்கு நெசமாவே தெரியலதான?"

அவள் கேட்டது சரிதான். எல்லைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாததை இல்லை என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால் குழு வேறு கருவியில் அளக்கச் சொல்லியிருக்கும், அவள் இன்று என் மனைவியாக இருந்திருப்பாள். இல்லாவிட்டாலும் அவளாகவே இருந்திருப்பாள்.

உள்ளே யாரோ அவளை "மேடம்" என்று கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"பேரப் போட்டுக்க. பேரு என்னுதுதான, போடு. ஈமெயில் கேப்பாங்கல்ல, அதுக்கு உன்னுதக் குடுத்துடு. எது வந்தாலும் எனக்கு அனுப்பாத. நீயும் இனிமே இங்க வராதப்பா."

கோணக்கையையும் சேர்த்துக் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் அவளுடையது, அதற்கு நேரே என் முகவரி. அவள் கேட்டபடியே செய்தேன். அந்தக் கோணக்கையைச் செய்வது மற்றவர்களுக்கும் கடினம்போல. தூரதேசத்து ஆய்வுக்கூடங்களிலிருந்து கடிதம் வருகிறது. எங்களுக்குப் பாதியிலேயே உடைந்துபோகிறது, உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது, கொஞ்சம் அனுப்பி உதவ முடியுமா என்று கேட்கிறார்கள். அவளுடைய குறிப்பேட்டைப் பார்த்துத் தெரிந்தவரை பதில் போடுகிறேன். எல்லாக் கடிதமும் 'அன்புள்ள டாக்டர்' என்று அவள் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அவர் டாக்டர் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.